54 வயதில் ‘தாத்தா’: கூரையில்லாதவர்களுக்கு மூளை முந்திக்கொண்டு மூப்படைகிறதா?

மே 6, மாலை 6:10 (கேள்வி)

வாரத்தில் இரண்டு நாள், தெருவோரம் படுப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் குழுவில் இருக்கிறேன். அங்கே ஒருவர், மிஞ்சினால் 55 வயது இருக்கும். செவ்வாய்க்கிழமை சொன்னது வெள்ளிக்கிழமை நினைவில் இல்லை. என் பெயரை நாலு தடவை கேட்டுவிட்டார். கூட வருகிறவர்கள் “குடிச்சுக் குடிச்சு மூளை போச்சு, விடுங்க” என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீடில்லாமல் கிடந்தால் மூளைக்குச் சீக்கிரம் வயசாகுமா? இல்லை, மூளை தடுமாறுவதால்தான் வீடு போகிறதா?

மே 6, இரவு 10:40

இரண்டும் நடக்கிறது. ஒன்று மற்றொன்றைப் பிடித்துத் தள்ளுகிறது.

ஒரு இரவுக் காப்பகத்தில் ஏழு வருடமாகப் பதிவேடு எழுதுகிறேன். அங்கே எல்லோரும் ‘தாத்தா’ என்று கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். நரை, கூன், சுவரைப் பிடித்துக்கொண்டு நடை. அடையாள அட்டைக்காக அவர் பிறந்த வருடத்தைக் கணக்குப் போட்டபோது வந்தது 54. எனக்கு 58. அவரைத் தாத்தா என்கிற அதே பிள்ளைகள் என்னை அக்கா என்கிறார்கள். அன்றிலிருந்து இந்த விஷயம் மனசை விட்டுப் போகவில்லை.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் மார்கோட் குஷெல் என்ற மருத்துவர் தலைமையில் 2013-ல் ‘ஹோப் ஹோம்’ என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். 50 வயதுக்கு மேற்பட்ட, வீடில்லாத 350 பேர். நடு வயது (பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் அதற்கு மேலே) 58. கீழே விழுவது, குளிக்க உடுத்த சிரமப்படுவது, பார்வைக் குறைவு, நினைவுத் தடுமாற்றம் என்று முதுமையின் தொல்லைகளை எண்ணிப் பார்த்தால், வீட்டில் வாழும், அவர்களைவிட 20 வயது மூத்தவர்களுக்கு நிகராக இருந்தது. சிலவற்றில் அதற்கும் மேல். சிந்தனைத் திறன் சோதனையில் கால்வாசிப் பேர் தேறவில்லை. இத்தனைக்கும் அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் 50 வயதுக்குப் பிறகுதான் முதன்முறையாக வீட்டை இழந்தவர்கள். ஆயுள் முழுக்கத் தெருவில் கிடந்தவர்கள் அல்ல.

நீங்கள் சொல்லும் 55-ஐ மனதுக்குள் 75 என்று வைத்துப் பாருங்கள். நாலு தடவை பெயர் கேட்டது அப்போது வேறு மாதிரித் தெரியும்.

மே 7, காலை 5:50

ராத்திரி எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

போன வருடம் தாத்தாவுக்குக் கண் பரிசோதனைக்கு நாள் வாங்கிக் கொடுத்தேன். போகவில்லை. மறுபடி வாங்கினேன், போகவில்லை. மூன்றாவது தடவை ஆஸ்பத்திரியில் பெயரை அடித்துவிட்டார்கள். “உங்க ஆளுங்களுக்குப் பொறுப்பே கிடையாது” என்று போனில் ஒருவர் கத்தினார். எனக்கும் கோபம். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினேன். என் கையெழுத்துதான். இன்னும் அங்கே இருக்கிறது.

பிறகு ஒருநாள் துணி துவைக்கக் கொடுக்கும்போது அவர் சட்டைப்பையில் பார்த்தேன். மூன்று சீட்டுகளும் நாலாக மடித்து, வியர்வையில் ஒட்டிப்போய், பத்திரமாக இருந்தன. போகக்கூடாது என்று இருந்தவர் சீட்டைத் தூக்கி எறிந்திருப்பார். இவர் மூன்று மாதம் நெஞ்சோடு வைத்திருந்தார். அது எந்த நாளுக்கான சீட்டு, இன்று எந்த நாள், இரண்டையும் சேர்க்க மட்டும் அவரால் முடியவில்லை.

சீட்டு கொடுக்கிற நாங்கள் எல்லோரும் எதை நம்பிக் கொடுக்கிறோம்? படிக்கக் கண், தேதியை நினைவில் வைக்க மூளை, அன்று காலை கிளம்பத் திட்டம், வழி. இதில் எது கெட்டிருக்கிறது என்று பார்க்கத்தான் அந்தப் பரிசோதனையே!

மே 11, மதியம்

குடி பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். குடி இல்லை என்று நான் சொல்லவில்லை. அதிகக் குடி மூளையைச் சுருக்கும். ஆனால் ‘குடி’ என்ற ஒரு சொல்லோடு விசாரணையை முடித்துவிடுவதுதான் தப்பு. அதற்குள்ளேயே மருந்துள்ள ஒரு நோய் ஒளிந்திருக்கலாம்.

தயமின் என்கிற பி1 வைட்டமின் உடம்பில் வற்றிப்போனால் வெர்னிக்கே என்ற நோய் வரும். திடீர்க் குழப்பம், கண் அங்கும் இங்கும் ஆடுவது, கால் தள்ளாடுவது. மூன்றும் பார்ப்பதற்குப் போதை மாதிரியே இருக்கும் என்பதுதான் கொடுமை. உடனே ஊசி வழியாகத் தயமின் கொடுத்தால் மீட்கலாம். “தெளியட்டும்” என்று மூலையில் படுக்க வைத்தால் கோர்சகோஃப் என்ற நிலைக்குப் போய்விடும். புதிதாக எதையும் மனதில் பதிக்க முடியாது. அந்த நிலையில் உள்ளவர்கள் நினைவின் ஓட்டைகளை, தெரியாமலே, கற்பனையால் அடைப்பார்கள். “நேத்து என் தம்பி வந்தான், பணம் கொடுத்தான்” என்பார்கள். வந்திருக்க மாட்டான். பொய் சொல்லுகிறார் என்று எங்கள் காப்பகத்தில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறோம்! குடிக்காமல், வெறும் பட்டினியாலும் ஓயாத வாந்தியாலும்கூட தயமின் வற்றும்.

அடுத்தது தலைக்காயம். கனடாவின் டொராண்டோவில் வீடில்லாத 904 பேரிடம் விசாரித்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு, வாழ்நாளில் ஒருமுறையாவது தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்டிருந்தது. அதிலும் 70 சதவீதம் பேருக்கு முதல் அடி, வீட்டை இழப்பதற்கு முன்பே விழுந்திருக்கிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதில் பாதி இருக்கிறது.

இதைப் படித்த பிறகுதான் தாத்தாவிடம் கேட்டேன். ஏழு வருடத்தில் முதன்முறை. “தலையில எப்பவாவது அடிபட்டிருக்கா?”

“சாரத்துலேந்து விழுந்தேன் அக்கா. மூணாவது மாடி. இருபத்தி மூணு வயசு. மூணு நாள் நெனவில்ல. அப்புறம் மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடல, கணக்கு தப்பா வருதுன்னு.”

கணக்கு தப்பாக வருகிறது என்று வேலை போனது. வேலை போய் வாடகை போனது. மனைவி எப்போது போனார் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

மே 11, இரவு

மதியம் எழுதியதில் ஒரு திருத்தம். அந்த 53 சதவீதத்தில் லேசான அடிகளும் சேர்த்தி. கடுமையான, நடுத்தரக் காயங்கள் டொராண்டோ கணக்கில் 12 சதவீதம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ் ஒன்றில் வந்த கட்டுரையில் மொத்தம் அதே 53 சதவீதம்தான். கடுமையான, நடுத்தரக் காயங்கள் 22 சதவீதத்துக்குச் சற்று மேல். ‘பாதிப் பேருக்கு மூளை சேதம்’ என்று யாரும் இதை எடுத்துச் சொல்லிவிட வேண்டாம்.

மே 19

தூக்கம். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

தெருவில் அவர் எப்படித் தூங்குவார் என்று ஒருநாள் செய்து காட்டினார். இரண்டு செருப்பையும் சேர்த்துத் தலைக்கு வைத்தார். செருப்பு திருட்டுப் போகாது, தலையும் தரையில் படாது. பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்று. முதுகு சுவரில். முகம் தெருப் பக்கம். “ஒரு கண்ணு தூங்கும், ஒரு கண்ணு முழிச்சிருக்கும்” என்றார். மணிக்கட்டில் அந்த வார் பதிந்த இடத்தில் தோல் கறுத்து, வளையம் மாதிரி இருக்கிறது. காப்பகத்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் மறையவில்லை. இங்கேயும் வாரைச் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறார்.

ஆழ்ந்த தூக்கத்தில்தான் பகலில் கற்றது மூளையில் படிகிறது. ரத்த அழுத்தம் தாழ்ந்து நாளங்களுக்கு ஓய்வு கிடைப்பதும் அப்போதுதான். வருடக்கணக்கில் அந்தத் தாழ்வே இல்லாமல், இரவும் பகலும் அழுத்தம் ஏறியே இருந்தால், மூளைக்குள் போகும் மயிரிழை நாளங்கள் தடித்துப்போகும். மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுபோகும் வெண்ணிழைகள் பட்டினி கிடக்கும். இப்படி வரும் மறதி, பெயர் மறப்பதைவிட, யோசனை மெதுவாகிப் போவதாகத்தான் முதலில் தெரியும். கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். நாம் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருப்போம்.

உடம்பின் எடையில் மூளை 2 சதவீதம்தான். சாப்பிடுவதில் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. பட்டினியில் முதலில் தள்ளாடுவது எது என்று சொல்லத் தேவையில்லை.

தூங்கும்போது மூளை தன் கழிவைக் கழுவிக்கொள்கிறது என்று 2013-ல் எலிகளை வைத்துக் காட்டினார்கள். அதனால்தான் தூக்கம் கெட்டால் மறதி நோய் வருகிறது.

மே 20

மேலே கடைசி வரியை அவசரப்பட்டு எழுதிவிட்டேன். 2024-ல் வேறொரு குழு, அதேபோல் எலிகளை வைத்து, தூக்கத்தில் கழிவு வெளியேறுவது குறைகிறது என்று நேரெதிராகச் சொல்லியிருக்கிறது. கழுவுகிற கதையை ஓரமாக வைத்துவிடுவோம். கெட்ட தூக்கமும் மறதியும் சேர்ந்தே வருகின்றன என்பதற்கு வேறு ஆதாரங்கள் நிறைய உண்டு. மணிக்கட்டு வளையம் எனக்குப் போதும்.

மே 27

“நினைவுச் சோதனை செய்து பார்த்துவிடலாமே, பத்தே கேள்விதான்” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். செய்யலாம். ஆனால் அந்தப் பத்துக் கேள்வியைப் பாருங்கள்.

1972-ல் ஹாட்கின்சன் என்ற மருத்துவர் இங்கிலாந்தில் சுருக்கிக் கொடுத்த சோதனை. அதில் ஒரு முகவரியைச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடைசியில் திருப்பிக் கேட்பார்கள். ‘42, வெஸ்ட் ஸ்ட்ரீட்’. இருபது வருடமாக முகவரி என்ற ஒன்றே இல்லாத மனிதரிடம் முகவரி கேட்டு நினைவை அளக்கிறோம்.

இன்று என்ன தேதி, என்ன வருடம் என்றும் கேட்பார்கள். நமக்குத் தேதியை யார் சொல்கிறார்கள்? சம்பளம், வாடகை, பள்ளிக் கட்டணம், யாரோ ஒருவரின் பிறந்தநாள். அவரிடம் கிழமை கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “போர்வை மாத்துனாங்களா? அப்ப வியாழன்” என்றார். வியாழன்தான். மூளை வேலை செய்கிறது. பற்றிக்கொள்ள ஒரு கொம்பு வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் போகாதவர், காது கேட்காதவர், முந்தின ராத்திரி தூங்காதவர், இவர்கள் மதிப்பெண் இயல்பாகவே குறையும். குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்து ‘டிமென்ஷியா’ (மறதி நோய்) என்று முத்திரை குத்திவிடக் கூடாது. ‘பரிசோதிக்க வேண்டியவர்’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 2

காதுக் குறும்பி!

கூட ஆள் போனதால் இந்தத் தடவை தாத்தாவால் மருத்துவரைப் பார்க்க முடிந்தது. நான்தான் போனேன். மூளையைப் பற்றிப் பேசப் போன இடத்தில் அவர் முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு காதிலும் கல் மாதிரி அடைத்திருந்தது. நாலு நாள் எண்ணெய்ச் சொட்டு விட்டு, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சினார்கள். கருப்பாக, புளியங்கொட்டை அளவில் வந்து விழுந்தது. தாத்தா தலையைத் திருப்பி மேலே பார்த்து, “இந்த ஃபேன் இவ்ளோ சத்தம் போடுமா?” என்று கேட்டார். அந்த முகத்தை மறக்க முடியாது.

ஏழு வருடமாக அவரிடம் நான் சொன்னதில் எவ்வளவு அவர் காதுக்குள் போனது? காதில் விழாததை எப்படி நினைவில் வைத்திருப்பார்?

லான்செட் இதழ் அமைத்த வல்லுநர் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மறதி நோயில் 45 சதவீதம் வரை, மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புள்ளது என்கிறது. படிப்புக் குறைவு, கேட்கும் திறன் குறைவு, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு, தலைக்காயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, புகை, குடி, தனிமை, காற்று மாசு, உடல் பருமன், உடலசைவு இல்லாமை. நான் ஒவ்வொன்றாக விரலை மடக்கிக்கொண்டே படித்தேன். அவருக்குப் பொருந்தாதவை இரண்டோ மூன்றோதான்.

ஜூன் 15

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ‘கால்வாசிப் பேர்’ என்று எழுதியது ஓக்லாந்து கணக்கு. பாஸ்டனில் 50 முதல் 69 வயது வரையுள்ளவர்களைச் சோதித்தபோதும் ஏறக்குறைய அதேதான் வந்தது. ஆனால் எந்தச் சோதனை, யாரைச் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் ரொம்பவே ஏறி இறங்கும். தவிர, சோதனையில் தடுமாறுவதும் மறதி நோயும் ஒன்றல்ல.

மருத்துவப் பதிவுகளை வைத்துக் கணக்கெடுத்த, கனடாவின் ஒன்ராறியோ மாகாண ஆய்வு 2024-ல் வந்தது. வீடில்லாதவர்களிடம் மறதி நோய், பொதுமக்களைவிடவும், அதேபோல் ஏழைப் பகுதிகளில் வீட்டோடு வாழ்பவர்களைவிடவும் அதிகம். வறுமை மட்டுமே காரணம் என்றால் இந்த இரண்டாவது வித்தியாசம் வந்திருக்கக் கூடாது. இடைவெளி மிகப் பெரிதாகத் தெரிவது 55-லிருந்து 64 வரையுள்ள வயதில்.

வயது ஏற ஏற அந்த இடைவெளி சுருங்குகிறதே, அப்படியானால் 80 வயதில் எல்லோரும் சமமா என்று என் மகன் கேட்டான். சமமாகும் வரை யார் இருக்கிறார்கள்? ஓக்லாந்து ஆய்வில் பின்னர் 100 பேரைச் சேர்த்து 450 ஆக்கினார்கள். 2021 முடிவதற்குள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்துவிட்டார்கள். இறந்தவர்களின் நடு வயது 64.6.

முதியோர் வசதிகள் பல இடங்களில் 60-லோ 65-லோதான் கதவைத் திறக்கின்றன. இவர்களுக்கு அது போய்ச் சேருகிற வயதல்ல. 50 ஆனதும் கேட்காமலே நினைவு, காது, கண், நடை நான்கையும் பார்க்க வேண்டும் என்று எங்கள் காப்பகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. விடமாட்டேன்.

ஜூலை 8

தாத்தாவுக்கு அறை கிடைத்துவிட்டது. நேற்றுதான் சாவி கொடுத்தார்கள். வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

ஜூலை 11

மூன்றாம் நாள் சாயங்காலம் பையோடு காப்பகத்து வாசலில் நிற்கிறார். “எல்லாக் கதவும் ஒண்ணு மாதிரி இருக்கு அக்கா.” மாடியில் வரிசையாகப் பன்னிரண்டு பச்சைக் கதவு. யார் வீட்டுப் பூட்டிலோ சாவியை நுழைத்து, திருடன் என்று கத்தியிருக்கிறார்கள். கூடப் போய் அவர் கதவுத் தாழ்ப்பாளில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டு வந்தேன்.

வீடு கொடுத்தால் மூளை சரியாகிவிடும் என்று நானும் உள்ளூர நம்பிக்கொண்டுதான் இருந்தேன். பாஸ்டனில் வீடில்லாத முதியவர்களை ஒரு வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வீடு கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. அவசரச் சிகிச்சைக்கு ஓடுவது குறைந்தது. மற்ற முதுமைத் தொல்லைகளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. போன நினைவு சாவியோடு திரும்பி வருவதில்லை. வீடு செய்வது, மேலும் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு இடம் கொடுப்பது. மாத்திரையை வைக்க ஒரு அலமாரி. இரண்டு கண்ணையும் மூடித் தூங்க ஒரு தாழ்ப்பாள்.

அதே பாஸ்டனில் இன்னொரு ஆய்வு: வீடற்ற மனநோயாளிகளில் சிலருக்குத் தனி அறை, சிலருக்கு ஆட்களோடு சேர்ந்து வாழும் இல்லம். திட்டமிட்டுக் காரியம் செய்யும் திறன், கூட்டாக வாழ்ந்தவர்களுக்கு மேம்பட்டது. தனியாக இருந்தவர்களுக்குத் தேய்ந்தது. ஆனால் கேட்டபோது பெரும்பாலும் எல்லோரும் விரும்பியது தனி அறையைத்தான். இவரும் அப்படித்தான். கூட்டத்தில் இருபது வருடம் படுத்தவருக்குக் கதவு வேண்டும் என்று தோன்றாதா? அவர் ஆசையைத் தட்டிப் பேச எனக்கு மனமில்லை. தினமும் யாராவது அந்தக் கதவைத் தட்டுவதற்கு ஏற்பாடு செய்வதுதான் நம் வேலை.

ஜூலை 12

நாங்கள் இப்போது மாற்றிக்கொண்டவை, உங்கள் குழுவுக்கும் உதவலாம். ஒரு தடவைக்கு ஒரே விஷயம்தான் சொல்கிறோம். “புரிஞ்சுதா?” என்று கேட்பதில்லை, எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். “நாளைக்கு எங்க போறோம், நீங்க சொல்லுங்க” என்று கேட்கிறோம். முந்தின நாள் ஒருமுறை, அன்று காலை ஒருமுறை நினைவுபடுத்தல், கூட ஒரு ஆள். மூன்று வேளை மாத்திரையை ஒரே வேளையாக மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கிறோம், முக்கால்வாசி முடிகிறது. உட்கார்ந்த பிறகு பெயர் சொல்லி, முகம் பார்த்து, மெதுவாகப் பேசுகிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம். பத்து விநாடி என்பது பெரிய நேரம், எண்ணிப் பாருங்கள்.

திடீரென்று இரண்டொரு நாளில் குழப்பம் வந்தால் அது மூப்பு அல்ல. காய்ச்சல், சர்க்கரை ஏற்ற இறக்கம், சிறுநீர்த் தொற்று, தலைக்குள் ரத்தக் கசிவு, எதுவாகவும் இருக்கலாம். காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஜூலை 30

கேள்வி கேட்ட தங்கைக்கு: உங்கள் ஆளிடம் கேட்டதில், லாரி மோதி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்ததாகச் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். அதை ஒரு தாளில் எழுதி, வருடம் தெரிந்தால் அதையும் போட்டு, மருத்துவரிடம் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். அவரைச் சொல்லச் சொன்னால் அங்கே மறந்துவிடுவார். பி12, தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், காது, கண் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள், அதுவும் மறதி வேடம் போட்டுக்கொண்டு வரும். உங்கள் பெயரை ஐந்தாவது தடவை கேட்டாலும் முதல் தடவை மாதிரியே சொல்லுங்கள்.

எங்களவருக்குக் கண்ணாடி தயாராகிவிட்டது. நாளைக் காலை கொண்டுபோக வேண்டும். ஆறரைக்கு முன்னால் போனால்தான் அறையில் இருப்பார். அதற்கப்புறம் பழைய பழக்கத்தில் நடக்கக் கிளம்பிவிடுகிறார்.